400 வீட்டுத் தோட்டம், தெருவுக்குத் தெரு முட்டு: ஆஸ்துமா முகாம் வைப்பதா, வேறு வழி உண்டா?

வடகொழும்பு சனசமூகம் (கேள்வி)

வணக்கம். கொட்டாஞ்சேனைக்கும் புளூமெண்டலுக்கும் நடுவில் உள்ள ஒரு தோட்டத்தின் சனசமூக நிலையத்துக்காக எழுதுகிறேன். ஏறத்தாழ 400 வீடு. முன்வீதியில் துறைமுகத்துக்குப் போய்வரும் கொள்கலன் லொறிகள், பின்னால் கால்வாய். பல வீடுகளில் குசினியும் படுக்கிற இடமும் ஒரே அறைதான். முட்டு (மூச்சுத்திணறல்), இழுப்பு என்று சொல்லாத தெருவே இல்லை. தடிமன் பரவும் மாதங்களில் நடுச்சாமத்தில் ஆட்டோ பிடித்து, பக்கத்துத் தனியார் டிஸ்பென்சரியில் நெபுலைஸ் பண்ணிக்கொண்டு (மருந்தைக் கருவியால் புகைபோலாக்கி முகமூடியில் இழுத்துக்கொண்டு) வருவதுதான் பெரும்பாலானோருக்குத் தெரிந்த வைத்தியம். கிளினிக் கொப்பி வைத்திருப்பவர்கள் குறைவு.

இந்த வருடம் இதைக் கையில் எடுப்பதென்று நிலையத்தில் முடிவாகியிருக்கிறது. ஆறு தொண்டர்கள் இருக்கிறார்கள். யாரும் மருத்துவம் படித்தவர்கள் அல்ல. ஞாயிறு பின்னேரங்களில் வேலை செய்யலாம். ஒரு நலன்விரும்பி இரண்டு நெபுலைசர் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். குழுவில் பலருடைய யோசனை, மே மாதம் முதல் செவ்வாய்க்கிழமை வரும் உலக ஆஸ்துமா தினத்தன்று ஒரு பெரிய இலவச முகாம். டொக்டர், மூச்சுப் பரிசோதனை, துண்டுப்பிரசுரம், பிள்ளைகளுக்கு மெத்தை உறை.

எனக்கு மனம் ஒப்பவில்லை. முகாம் முடிந்த அடுத்த கிழமையும் அதே ஆட்டோ, அதே டிஸ்பென்சரி என்றால் என்ன பயன்? காசும் ஆளும் இவ்வளவுதான் என்றால் எதை முதலில் செய்வது, எதைச் செய்யவே கூடாது? வேலை பலன் தருகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இந்தத் துறையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

சுவாசப் பிரிவுத் தாதி

தம்பி, உங்கள் சந்தேகம் சரியானது. ஆஸ்துமா வந்துபோகிற வருத்தம். முகாமுக்கு நடந்து வருகிறவர் அன்றைக்கு மூச்சு நன்றாக இருப்பவர். ஊதிப் பார்த்தால் அளவு சரியாகவே வரும். உடனே "எனக்கு ஒன்றுமில்லையாம்" என்று இருக்கிற பம்பையும் (மருந்தை இழுக்கும் இன்ஹேலர்) நிறுத்திவிடுவார். நல்ல நாளில் எடுத்த ஒரு பரிசோதனை ஆஸ்துமா இல்லை என்பதற்குச் சாட்சி ஆகாது. முகாம் வைக்க ஆசையென்றால் ஆறு மாதம் கழித்து வையுங்கள்.

முதலில் செய்யவேண்டியது பதிவேடு. பலன் கண்ட இடங்களிலெல்லாம் வேலை ஆளைத் தேடிப்பிடிப்பதிலும் தொடர்ந்து பார்ப்பதிலும்தான் நடந்திருக்கிறது. பின்லாந்து 1994இலிருந்து பத்து வருடம் ஒரு தேசியத் திட்டம் நடத்தியது. தடுப்பு மருந்தை (முட்டு வராமலிருக்க நாள்தோறும் இழுக்கும் மருந்து) தாமதிக்காமல் தொடங்குவது, வருத்தக்காரரே தன் வருத்தத்தைக் கையாளப் பழக்குவது, தாதிமாரையும் மருந்தாளர்களையும் ஒரே வலையில் இணைப்பது, இவைதான் அதன் அடிப்படை. ஆஸ்துமாவுக்காக ஆஸ்பத்திரியில் தங்கிய நாட்கள் 1993இல் 110,000 ஆக இருந்தது 2003இல் 51,000 ஆனது. பிரேசிலின் சல்வடோர் நகரில் 2003 தொடக்கம் கடும் ஆஸ்துமாக்காரரைத் தேடி, தடுப்பு மருந்தை இலவசமாகக் கொடுத்துத் தொடர்ந்து பார்த்தார்கள். நகரத்தின் ஆஸ்பத்திரி அனுமதிகளே இறங்கின. நமக்கு ஒரு வசதி, மருந்து அரச கிளினிக்கில் ஏற்கெனவே இலவசம். ஆட்கள் அங்கே போய்ச் சேர்வதும், போனவர்கள் தொடர்ந்து போவதும்தான் குறை.

வீடு வீடாகப் போகும்போது "ஆஸ்துமா இருக்கிறதா" என்று கேட்காதீர்கள். கலியாணத்துக்கு நிற்கும் பெண்பிள்ளை இருக்கிற வீட்டில் "இல்லை" என்றுதான் பதில் வரும். "கடந்த 12 மாதத்தில் வீட்டில் யாருக்காவது நெஞ்சில் விசில் மாதிரிச் சத்தம், முட்டு வந்ததா? எத்தனை தடவை நெபுலைஸ் பண்ணப் போனீர்கள்?" என்று கேளுங்கள். பிறகு, வீட்டில் இருக்கிற எல்லாப் பம்பையும் குளிசையையும் கொண்டுவந்து மேசையில் வைக்கச் சொல்லுங்கள். வாயால் சொல்வதைவிட அந்த மேசை நிறையச் சொல்லும். ஒரு பக்கம் கடதாசிப் பக்கெட்டில் பெயரில்லாத குளிசைகள், பக்கத்தில் மூன்று நீலப் பம்ப் (உடனடி நிவாரணம்), தடுப்பு மருந்து ஒன்றுகூட இல்லை என்றால் அந்த வீட்டைச் சிவப்புப் பேனையால் குறியுங்கள்.

கட்டுப்பாடு எப்படி என்று அறிய, கடந்த 4 கிழமையைப் பற்றி நான்கு கேள்வி போதும். பகலில் முட்டோ இழுப்போ கிழமைக்கு இரண்டு தடவைக்கு மேல் வந்ததா? முட்டாலோ இருமலாலோ ஒரு இரவாவது நித்திரை குழம்பியதா? உடனடி நிவாரணப் பம்ப் கிழமைக்கு இரண்டு தடவைக்கு மேல் தேவைப்பட்டதா? முட்டுக்குப் பயந்து விளையாட்டு, படியேறுவது, வேலை எதையாவது குறைத்தீர்களா? நான்குக்கும் "இல்லை" என்றால் கட்டுப்பாட்டில் இருக்கிறது. ஒன்றோ இரண்டோ "ஓம்" என்றால் அரைகுறை. மூன்று, நான்கு "ஓம்" என்றால் கட்டுப்பாடே இல்லை. 5 வயதும் அதற்குக் கீழும் என்றால் "இரண்டு தடவைக்கு மேல்" என்பதை "ஒரு தடவைக்கு மேல்" என்று மாற்றிக் கேளுங்கள்.

எல்லா வீட்டையும் ஒரே மாதிரிப் பார்க்க ஆறு பேரால் முடியாது, தேவையும் இல்லை. எப்போதாவது ஐசியூவில் மூச்சுக் கருவி போடப்பட்டவர், கடந்த ஒரு வருடத்தில் முட்டுக்காக ஆஸ்பத்திரிக்குப் போனவர், பிரெட்னிசலோன் (ஸ்டீரொய்ட்) குளிசை எடுப்பவர் அல்லது அண்மையில் நிறுத்தியவர், தடுப்பு மருந்தே இல்லாமல் நிவாரணப் பம்ப் மட்டும் பாவிப்பவர், அந்தப் பம்பும் மாதத்துக்கு ஒன்றுக்கு மேல் முடிப்பவர்: ஆஸ்துமாவால் இறப்பு வருவது இவர்களுக்குத்தான். முதல் மூன்று மாதமும் இவர்களுக்கே போகட்டும். இந்தப் பட்டியல் பூட்டுப்போட்ட லாச்சிக்குள் இருக்கவேண்டும். வாட்ஸப் குழுவில் ஒரு பெயர் போனாலும் அடுத்த நாள் எந்த வீடும் கதவு திறக்காது.

இன்னொன்றை மறக்கவேண்டாம். இருமுகிற எல்லோரும் ஆஸ்துமாக்காரர் அல்ல. நாட்டில் காசநோயாளர் கூடுதலாகப் பதிவாகும் மாவட்டம் கொழும்பு. இரண்டு கிழமைக்கு மேல் இருமல், பின்னேரக் காய்ச்சல், மெலிவு, சளியில் இரத்தம் என்று இருந்தால் பம்பைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருக்காமல் மார்பு நோய் சிகிச்சை நிலையத்துக்கு அனுப்புங்கள். சளிப் பரிசோதனை இலவசம். 40 தாண்டிய, நெடுநாள் புகைத்தவருக்கு வரும் முட்டும் வேறு வருத்தமாக இருக்கலாம். தொண்டர்கள் பெயர் குறித்து அனுப்புவதோடு நிற்கவேண்டும். எது என்ன வருத்தம் என்று சொல்வது டொக்டரின் வேலை.

தொடங்கும் முன் மாநகரசபையின் உங்கள் பகுதி வைத்திய அதிகாரிக்கு ஒரு கடிதம் கொடுத்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும் குடும்பநல மாதுவையும் சந்தித்துக் கதையுங்கள். மாதுவுக்கு எந்த வீட்டில் சின்னப்பிள்ளை என்று ஏற்கெனவே தெரியும். அவர் கூட வந்தால் திறக்காத கதவும் திறக்கும்.

மருந்தாளர் வெள்ளவத்தை

அக்கா சொன்ன பதிவேட்டை அப்படியே ஆமோதிக்கிறேன். நான் பம்ப் பக்கத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் மருந்து சரி, எடுக்கிற விதம் பிழை என்பதுதான் நடைமுறையில் மிகப் பெரிய ஓட்டை. உலக ஆஸ்துமா வழிகாட்டியின் கணக்கில் 70 முதல் 80 வீதமானோர் வரை பம்பைச் சரியாகப் பாவிப்பதில்லை. கையில் காட்டிக்கொடுத்தால் சரியாகச் செய்வார்கள்; சில கிழமை போனால் மறுபடி பிழைக்கும். அதனால் ஒருமுறை சொல்லிக்கொடுத்துவிட்டு வருவது போதாது. ஒவ்வொரு முறை போகும்போதும் "எனக்கு ஒருக்கால் செய்து காட்டுங்கள்" என்று கேட்கவேண்டும். "தெரியுமா" என்று கேட்டால் எல்லோரும் தெரியும் என்பார்கள்.

நம்மூரில் இரண்டு வகைக் கருவி கலந்து கிடக்கிறது, குழப்பமும் அங்கேதான். அமுக்கினால் விசிறுகிற பம்பை மெதுவாக, ஆழமாக இழுக்கவேண்டும். கப்சூல் போட்டு இழுக்கும் கருவியை வேகமாக, பலமாக இழுக்கவேண்டும். ஒருவரிடமே இரண்டும் இருந்தால் மாற்றிச் செய்வது வழமை. கப்சூலை விழுங்கிவிடுகிறவர்களும் உண்டு, நேரே கேளுங்கள். கப்சூல் கருவிக்குள் ஊதக்கூடாது. மூச்சின் ஈரம் பட்டால் தூள் கட்டிபடும். கொழும்பின் ஈரக்காற்றே போதும் அதற்கு, ஆகவே கப்சூலை மொத்தமாகப் பிரித்து வேறு போத்தலில் போட்டுவைப்பது, குளியலறைத் தட்டில் வைப்பது இரண்டும் வேண்டாம். இழுத்த பிறகு கருவியைத் திறந்து பார்க்கவேண்டும். கப்சூலில் தூள் மிச்சமிருந்தால் இன்னொருமுறை இழுக்கவேண்டும்.

நிறத்தை நம்பாதீர்கள். நீலம் நிவாரணம், மண்ணிறம் தடுப்பு என்பது பொதுவழக்கு, ஆனால் கம்பனிக்குக் கம்பனி மாறும். பெயரை வாசியுங்கள். சல்பியூட்டமோல் உடனடி நிவாரணம். பெக்லோமெத்தசோன், புடசோனைட், ஃபுளூட்டிகசோன் தடுப்பு. தடுப்பு மருந்து எடுத்த உடனே ஒன்றும் தெரியாது. நாள்தோறும் எடுத்தால் கிழமைக்கணக்கில்தான் மாற்றம் தெரியும். "வேலை செய்யவில்லை" என்று நிறுத்துவது இதனால்தான். "பம்ப் பழகிவிடும், குளிசைதான் நல்லது" என்ற நம்பிக்கையையும் உடைக்கவேண்டும். சல்பியூட்டமோல் குளிசையோ பாணியோ உடம்பெல்லாம் சுற்றி நெஞ்சுக்குப் போகிறது. கை நடுக்கம், படபடப்பு அதில்தான் அதிகம், பலனோ குறைவு. அதேநேரம், நிவாரணப் பம்பை மட்டும் நம்பி இருப்பதும் ஆபத்து: வருடத்துக்கு 200 தடவை அமுக்கக்கூடிய பம்ப் மூன்றோ அதற்கு மேலோ முடிந்தால் கடும் முட்டு வரும் வாய்ப்புக் கூடும், 12 ஆனால் இறப்பு அபாயமே கூடும். தடுப்பு மருந்து எடுத்தபின் வாய் கொப்பளித்துத் துப்பவேண்டும், இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளை படியும், குரல் கம்மும். இந்தச் சின்னக் காரணத்துக்காகவே கைவிடுகிறவர்கள் பலர்.

பம்ப் முடிந்ததா என்று தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்க்கும் பழக்கத்தை நிறுத்துங்கள், அது நம்பத்தகாதது. மருந்து தீர்ந்த பிறகும் உந்துவாயு விசிறிக்கொண்டே இருக்கும், ஆள் வெறும் காற்றை இழுப்பார். கணக்குத்தான் வழி. 200 தடவைப் பம்ப், காலை 2 இரவு 2 என்றால் 50 நாள். திறந்த அன்றே மார்க்கர் பேனையால் திகதியையும் முடியும் திகதியையும் பம்பின் மேல் எழுதிவிடுங்கள். உங்கள் தொண்டர்கள் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலை இதுதான் என்பேன். அடுத்த தடவை போகும்போது ஆள் ஒழுங்காக எடுத்தாரா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

அடுத்தது ஸ்பேசர், பம்புக்கும் வாய்க்கும் நடுவில் வைக்கும் வெற்றுக் குழல். பம்பை அமுக்குவதும் இழுப்பதும் ஒரே நேரத்தில் பொருந்தாத எல்லோருக்கும் அது வேண்டும், பிள்ளைகளுக்குக் கட்டாயம். வாங்க வசதி இல்லாவிட்டால் 500 மில்லிலீற்றர் பிளாஸ்டிக் சோடாப் போத்தல் போதும். தென்னாபிரிக்காவின் கேப்டவுனில் செய்த ஆய்வு 1999இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது: ஒழுங்காக அடைத்துச் செய்த போத்தல், கடையில் வாங்கும் ஸ்பேசருக்கு ஈடாக வேலை செய்தது, நுரைக்கோப்பை பின்தங்கியது. செய்முறை இப்படி. போத்தலைப் பாத்திரம் கழுவும் திரவம் கலந்த தண்ணீரில் கழுவி, துடைக்காமல், அலசாமல் காயவிடுங்கள். துடைத்தால் உள்ளே மின்னூட்டம் ஏறி மருந்து சுவரில் ஒட்டும். தடித்த கம்பியைப் பம்பின் வாய் அளவுக்கே வளைத்து, சூடாக்கி, போத்தலின் அடிப்பாகத்தில் அழுத்தினால் அதே வடிவில் துளை விழும். பிளாஸ்டிக் இளகி இருக்கும்போதே பம்பின் வாயைச் செருகி இறுக்கமாகப் படியவையுங்கள். இடைவெளி இருந்தால் மருந்து அங்கேயே கசியும். சுற்றிவர டேப் ஒட்டி அடையுங்கள். துளையின் ஓரத்தில் பிசிறு நின்றால் சுரண்டி எடுத்து, மறுபடி கழுவிக் காயவைத்த பிறகே கொடுக்கவேண்டும். அந்தத் துணுக்கு நெஞ்சுக்குள் போகக்கூடாது. இந்த வேலையை வெளிவெளியில் செய்யுங்கள். உருகும் பிளாஸ்டிக் புகை முட்டுக்காரருக்கு ஆகாது.

பாவிக்கும்போது போத்தலின் வாயை உதட்டால் இறுகக் கவ்வி, பம்பைக் குலுக்கி ஒருமுறை மட்டும் அமுக்கி, உடனே 5 அல்லது 6 தடவை சாதாரணமாக மூச்சு இழுத்து விடவேண்டும். அரை நிமிடம் கழித்து மறுபடி குலுக்கி அடுத்தது. இரண்டை ஒரேயடியாக அமுக்கினால் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து சுவரில் படிந்துவிடும். அமுக்கிவிட்டுத் தாமதித்தால் மருந்து கீழே இறங்கிவிடும். 4 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு முகமூடி வைத்த ஸ்பேசர்தான் வேண்டும், அதில் போத்தல் சரிவராது. முகமூடி கன்னத்தில் இடைவெளியின்றிப் படியவேண்டும். கதறி அழும் பிள்ளைக்குள் மருந்து அதிகம் போகாது. மடியில் வைத்து அமர்த்திவிட்டுக் கொடுங்கள்.

குசினியும் காற்றும்

மருந்தை எல்லோரும் சொல்லிவிட்டீர்கள். வீட்டுக்குள் இருப்பதையும் பாருங்கள். மெத்தை உறைக்குக் காசு போடவேண்டாம். தூசிப்பூச்சியை உறையால் மட்டும் தடுத்து ஆஸ்துமா குறைந்ததாகப் பெரிய மீளாய்வுகளில் தெரியவில்லை. கொழும்பு ஈரப்பதத்தில், பழைய தும்பு மெத்தையும் இலவம்பஞ்சுத் தலையணையும் துணிக்குவியலும் உள்ள ஓர் அறையில், மெத்தைக்கு மட்டும் உறை போட்டு என்ன காண்பது?

புகையில் தொடங்குங்கள். முதலாவது நுளம்புச் சுருள். ஒரு சுருள் முழுதாக எரிந்தால் வரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் வரை எரிவதற்குச் சமம் என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து காட்டியது. யன்னல் பூட்டிய சின்ன அறையில், கட்டிலுக்குக் கீழே, பிள்ளையின் தலைமாட்டில் இது விடியும்வரை எரிகிறது. டெங்குக்குப் பயந்து கொளுத்துகிறோம் என்பார்கள். டெங்கு நுளம்பு கடிப்பது பெரும்பாலும் பகலில், காலையிலும் பின்னேரத்திலும். அதற்கு மருந்து தேங்கிய தண்ணீரை அகற்றுவது. இரவுக்கு வலை. மெத்தை உறைக்கு வைத்த காசில் நுளம்பு வலையும் யன்னலுக்குக் கம்பிவலையும் வாங்குங்கள். நுளம்புக்குப் புகையடிக்க வருகிற நாளை முன்கூட்டியே கேட்டறிந்து, பதிவேட்டில் உள்ள வீடுகளுக்குச் சொல்லிவிட்டால் முட்டுப் பிள்ளையை அந்த நேரம் வேறிடத்தில் வைக்கலாம்.

சாம்பிராணி, ஊதுபத்தி விடயத்தில் சாமி அறையோடு சண்டை பிடிக்கவேண்டாம், எந்த மதத்து வீடானாலும். பிள்ளை இல்லாத நேரத்தில், கதவு திறந்து வைத்து, சிறிதளவு என்று கேட்டால் கேட்பார்கள். முற்றாக நிறுத்து என்றால் உங்களையே நிறுத்துவார்கள். 2022 காஸ் தட்டுப்பாட்டோடு விறகுக்கும் மண்ணெண்ணெய்க்கும் போன வீடு எது இன்னும் திரும்பவில்லை என்று பாருங்கள். அடுப்பை யன்னலடிக்கு நகர்த்துவதும், மிளகாய் வறுக்கும்போது பிள்ளையை வெளியே அனுப்புவதும் காசில்லாத வேலை. உலர்ந்த விளக்குமாற்றால் கூட்டாமல் ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள். வீட்டுக்குள் சிகரெட், முற்றத்தில் பொலித்தீன் எரிப்பு இரண்டையும் பற்றித் தெருக்கூட்டத்தில் பொதுவாகக் கதைப்பது நல்லது. தனிவீட்டில் சொன்னால் மனத்தாங்கல்.

கரப்பொத்தானை அலட்சியம் செய்யாதீர்கள். அமெரிக்க நகரங்களின் நெரிசல் குடியிருப்புகளில், கரப்பொத்தான் ஒவ்வாமையும் வீட்டில் அதன் எச்சமும் சேர்ந்த பிள்ளைகள்தான் கூடுதலாக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள் என்று 1997இலேயே கண்டார்கள். நியூ ஓர்லியன்ஸில் வெறும் ஜெல் மருந்தைச் சரியான இடங்களில் வைத்தே பிள்ளைகளின் முட்டு நாட்களைக் குறைத்துக் காட்டினார்கள். விசிறுகிற மருந்து வேண்டாம், அந்த வாடையே முட்டை எழுப்பும். ஜெல்லைப் பயறளவு எடுத்து, தொட்டிக்குக் கீழ், காஸ் அடுப்பின் பின்புறம், அலுமாரி மூலை, குழாய் சுவருக்குள் போகும் ஓட்டை என்று பல இடத்தில், பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள். ஒட்டிய வீடுகள் என்பதால் ஒரு வரிசை முழுவதும் ஒரே நாளில் வைக்கவேண்டும். ஒரு வீடு விட்டால் அங்கிருந்து திரும்பி வரும்.

லொறிப் புகையும் நவம்பருக்குப் பிறகு வடகீழ்க் காற்றோடு வரும் மாசும் உங்கள் கையில் இல்லை. ஆனால் காலம் தெரியும். அந்த மாதங்களில் தடிமனும் சேரும். ஆகவே செப்டம்பர், ஒக்டோபரில் பதிவேட்டில் உள்ள எல்லோருடைய தடுப்பு மருந்தையும் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

வடகொழும்பு சனசமூகம்

மூவருக்கும் மிக்க நன்றி. இவ்வளவு விபரம் எதிர்பார்க்கவில்லை. இரண்டு விடயம் மட்டும் இன்னும் தெளிவில்லை, அக்கா. நெபுலைசர் தருகிறேன் என்பவரிடம் என்ன சொல்வது? நிலையத்தில் ஒன்று இருந்தால் இரவில் ஆட்டோ தேடத் தேவையில்லை என்று சனம் கேட்கிறது. மற்றது, பாடசாலைகளுக்கு ஏதாவது சொல்லவேண்டுமா?

சுவாசப் பிரிவுத் தாதி

வேண்டாம் என்றே சொல்லுங்கள், நன்றியோடு. காரணத்தையும் சொல்லுங்கள். உயிராபத்து இல்லாத முட்டில் ஸ்பேசரோடு எடுக்கும் பம்ப் நெபுலைசருக்குக் குறைந்ததல்ல. உயிராபத்தான முட்டில் ஒட்சிசனும் டொக்டரும் வேண்டும், அவை நிலையத்தில் இல்லை. நடுவில் நெபுலைசர் இருந்தால் ஆள் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய அரைமணி நேரம் அங்கே போகும். ஒரே முகமூடியும் மருந்துக்கோப்பையும் பத்துப் பேருக்கு மாறினால் கிருமியும் மாறும். அந்தக் காசை முகமூடி வைத்த ஸ்பேசர், நுளம்பு வலை, கரப்பொத்தான் ஜெல், பயிற்சிக்கான வெறும் பம்ப் ஆகியவற்றுக்குக் கேளுங்கள். பயிற்சிப் பம்பை ஒருவர் வாயிலிருந்து மற்றவர் வாய்க்கு மாற்றவேண்டாம். ஆளுக்கு ஒரு வாய்த்துண்டு.

இரவு முட்டுக்கு, ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் ஒட்ட ஒரே ஒரு தாள் அடியுங்கள். நிமிர்த்தி உட்காரவையுங்கள், படுக்கவிடாதீர்கள். சல்பியூட்டமோல் பம்பை ஸ்பேசரில் ஒருமுறை அமுக்கி 4 மூச்சு. இப்படி 4 தடவை. 4 நிமிடம் பொறுங்கள். குறையாவிட்டால் 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். வண்டி வரும்வரை அதே 4, 4, 4 தொடரட்டும். ஒரு வசனத்தை முழுதாகச் சொல்ல முடியாமை, உதடு நீலம், மயக்கம், பிள்ளையானால் விலா உள்ளிழுப்பு, பால் குடிக்கமாட்டாமை, இவற்றில் ஒன்று தெரிந்தாலே 4 நிமிடம் பார்க்கவேண்டாம், முதலே அழையுங்கள். இழுப்புச் சத்தம் நின்றுவிட்டது ஆனால் ஆள் சோர்கிறார் என்றால் அது குணம் அல்ல, காற்றே போகவில்லை. இந்த ஒரு வரியைத் தாளில் பெரிய எழுத்தில் போடுங்கள்.

நெபுலைஸ் பண்ணி வந்த ஒவ்வொருவரையும் ஒரு கிழமைக்குள் தொண்டர் போய்ப் பார்க்கவேண்டும். சல்பியூட்டமோல் சில மணி நேரம்தான் நிற்கும், உள்ளே வீக்கம் அப்படியே இருக்கும். அந்தக் கிழமையில்தான் கிளினிக்குக்கு அழைத்துப் போனால் வருவார்கள். மாதம் கடந்தால் மறந்துவிடுவார்கள். அரச ஆஸ்பத்திரி கிளினிக்கா, மருதானைப் பக்கத்து மத்திய மார்பு நோய் சிகிச்சை நிலையமா, எது கிட்டவோ முதல் தடவை தொண்டரும் கூடப் போகட்டும். அந்த மேசையில் இருந்த குளிசைப் பக்கெட்டும் பம்பும் எல்லாமே பையில் போகவேண்டும். பிரெஷருக்கு, தலையிடிக்கு, கண்ணுக்கு எடுக்கும் மருந்தையும் விடாமல் காட்டச் சொல்லுங்கள். புரொப்ரனலோல் குளிசை, டிமோலோல் கண்துளி போன்றவை முட்டைக் கிளப்பும். டைக்குளோஃபினக் போன்ற வலிக்குளிசைகள் சிலருக்கு ஒத்துவராது. தானாக நிறுத்தவேண்டாம், டொக்டரிடம் சொல்லவேண்டும்.

பாடசாலைக்கு மூன்று விடயம். பிள்ளையின் நிவாரணப் பம்ப் அதிபரின் அலுமாரிக்குள் பூட்டப்படாமல் பிள்ளையின் பையிலோ வகுப்பாசிரியரின் கையிலோ இருக்கவேண்டும். சுவரில் ஒட்டும் அதே தாள் வகுப்பிலும் இருக்கவேண்டும். விளையாட்டிலிருந்து விலக்கவேண்டாம், ஓடினால் முட்டு வருகிறது என்றால் கட்டுப்பாடு போதவில்லை என்று அர்த்தம், கிளினிக்கில் சொல்லவேண்டிய செய்தி அது.

பலன் தெரிகிறதா என்று பார்க்க ஐந்து எண்ணை மட்டும் மாதாமாதம் எழுதுங்கள்: நெபுலைஸ் பண்ணப் போன தடவைகள், ஆஸ்பத்திரியில் தங்கிய நாட்கள், பாடசாலை போகாத நாட்கள், தடுப்பு மருந்து கையில் உள்ளவர்கள், பம்பைப் பிழையின்றிச் செய்து காட்டியவர்கள். முதல் மூன்றையும் போன வருடத்து அதே மாதத்தோடு ஒப்பிடவேண்டும். தடிமன் காலத்தில் தொடங்கிவிட்டு மூன்று மாதம் கழித்துக் குறைந்தது என்றால் அது பருவம் மாறியதால் குறைந்ததாகவும் இருக்கலாம். கடைசி இரண்டும் அப்படி அல்ல, உங்கள் வேலை நடந்தால் மட்டுமே கூடும். ஆறு மாதத்தில் அவை அசையவில்லை என்றால் தொண்டர்களின் சுற்றில்தான் பிழை. வீட்டு எண்ணிக்கையைக் குறைத்து, ஒரே வீட்டுக்கு அடிக்கடி போகும்படி மாற்றுங்கள்.

மருந்தாளர் வெள்ளவத்தை

ஒன்று விட்டுப்போனது. விசிறும் பம்பை ஒரு கிழமைக்கு மேல் பாவிக்காமல் வைத்திருந்தால் முதலில் காற்றில் விசிறிப் பார்க்கவேண்டும், எத்தனை தடவை என்று உறைத்தாளில் இருக்கும். கிழமைக்கு ஒருமுறை உலோகக் குப்பியை வெளியே எடுத்துவிட்டு, பிளாஸ்டிக் உடலை மட்டும் இளஞ்சூட்டுத் தண்ணீரில் கழுவி நன்றாகக் காயவிடுங்கள். குப்பியைத் தண்ணீரில் போடக்கூடாது. நிலையத்தில் முதல் நாள் பயிற்சிக்குத் தொண்டர்கள் ஆறு பேரும் தங்கள் வீட்டிலிருந்து தலைக்கு இரண்டு 500 மில்லிலீற்றர் போத்தல் கொண்டுவரச் சொல்லுங்கள். முதல் துளை பெரும்பாலும் பெரிதாகிவிடும்.